தெய்வங்களின் பல்லைப் பிடுங்கும் நாவல்கள்

ஆதிக் கிறித்துவத்தையும் அதற்கு முந்தைய தெய்வங்களையும் ஒரே கதைக்குள் உலவவிடும் வரலாற்று மிகுபுனைவுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. புனிதர்கள் நடமாடிய காலத்தில் வனதேவதைகளுக்கு என்ன வேலை என்று கேட்பது முதல் குரல். அதற்கு நாங்கள் மறுமொழி சொல்லப்போவதில்லை. கதை படிக்க விருப்பமில்லாதவரைப் பிடித்து உட்காரவைத்துப் படிக்கச் செய்ய இயலாது. இரண்டாவது குரல் எமக்கு நெருக்கமானது, எம் நண்பர்களுடையது, நிறையப் படித்தவர்களுடையது. அவர்கள் சொல்வது இது: வென்றவர்கள் எழுதிய வரலாற்றில் தோற்ற தெய்வங்களுக்கு வாய் இல்லை; இந்நாவல்கள் அவற்றுக்கு வாய் தருகின்றன; ஆகவே இவை விடுதலையின் இலக்கியம். இதற்கு அவர்கள் தவறாமல் காட்டும் சான்று, மரியன் ஜிம்மர் பிராட்லி 1983-இல் வெளியிட்ட 'தி மிஸ்ட்ஸ் ஆஃப் அவலான்'.

நாங்கள் இதை மறுக்கிறோம். அந்நாவல் தோற்ற தெய்வங்களுக்கு வாய் தரவில்லை. வாயிலிருந்த பற்களைப் பிடுங்கியது என்பதே எம் கட்சி. பல் பிடுங்கிய பாம்பை ஆட்டிக்காட்டிவிட்டு, நாகத்தை விடுதலை செய்தோம் என்று மார்தட்டுவதை எப்படி ஏற்பது?

கிரேக்க அறிஞர் புளூட்டார்க், வாக்குரைக்கும் கோயில்கள் ஓய்ந்துபோனது ஏன் என்று ஆராயும் நூலில் பதிந்துவைத்த ஒரு செய்தியிலிருந்து தொடங்குகிறோம். பேரரசர் திபேரியஸ் ஆண்ட காலம். இத்தாலியை நோக்கிச் சென்ற கப்பல் ஒன்று மாலை வேளையில் பாக்சி தீவுகளுக்கு அருகே காற்றின்றி மிதக்கிறது. தீவிலிருந்து ஒரு குரல் "தாமுஸ்" என்று அழைக்கிறது. அது கப்பலின் மீகாமனான எகிப்தியனின் பெயர். பயணிகளில் பலருக்கே அது தெரியாது. இருமுறை அவன் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை பதில் தருகிறான். பலோடிஸ் என்னும் இடத்தை அடையும்போது, மாபெரும் பான் இறந்துவிட்டான் என்று அறிவி என்கிறது குரல். தாமுஸ் யோசிக்கிறான். காற்று வீசினால் பேசாமல் கடந்துவிடுவது, அமைதியாக இருந்தால் சொல்லிவிடுவது என்று முடிவெடுக்கிறான். பலோடிஸ் வருகிறது. காற்றுமில்லை, அலையுமில்லை. பின்னணியத்தில் நின்று, கரையை நோக்கிச் சொல்கிறான். சொல்லி முடிக்குமுன் ஒருவரல்ல, பலர் சேர்ந்து அரற்றும் ஒலி எழுகிறது. ஆட்டுக்கால்களும் கொம்பும் கொண்ட மேய்ச்சல் நிலத் தெய்வம் பான். அழுதவர்கள் யார் என்பதைப் புளூட்டார்க் சொல்லவில்லை. செய்தி ரோமுக்கு எட்டி, திபேரியஸ் அந்த மீகாமனை அழைத்து விசாரித்தாராம்.

எமக்கு இக்கதையைவிட இதற்குப் பின் நடந்தது முக்கியம். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் யூசிபியஸ், கிறித்துவத்தை நிறுவ எழுதிய பெருநூலில் இக்கதையை எடுத்தாள்கிறார். பொய்யென்று தள்ளுவதற்காக அன்று. காலத்தைக் கவனியுங்கள் என்கிறார்: திபேரியஸின் காலம்தானே நம் மீட்பர் மண்ணில் வாழ்ந்து பேய்களை விரட்டிய காலம்? அவரைப் பொறுத்தவரை பான் இருந்தான். உண்மையாகவே இருந்தான். பேயாக இருந்தான். உண்மையாகவே செத்தான்.

மறுபுறமும் இப்படியே. கிறித்துவத்துக்கு எதிராக நூல்கள் எழுதிய மூன்றாம் நூற்றாண்டு மெய்யியலாளர் பார்ஃபிரி, ஹெக்கடே தேவி இயேசுவைப் பற்றிக் கூறிய அருள்வாக்கு ஒன்றைப் பதிவு செய்தார். அவர் பக்திமான், அவர் ஆன்மா அழியாப் பேறு பெற்றது, ஆனால் அவரை வணங்குவோர் மயக்கத்தில் உழல்பவர்கள் என்று தேவி சொன்னாளாம். அகஸ்டின் அதை எடுத்துவைத்துக்கொண்டு வரிக்கு வரி வாதாடுகிறார். ஹெக்கடே பேசியிருக்கவே முடியாது என்று அவர் ஒரே அடியாகத் தள்ளிவிடவில்லை. பேசியது பார்ஃபிரியின் கற்பனையாக இருக்கலாம், அல்லது தூய்மையற்ற பேய்களாக இருக்கலாம் என்கிறார்.

அதாவது இரு தரப்பும் எதிர்த்தரப்பின் தெய்வத்தை நம்பின. அஞ்சின. அக்காலத்தின் மிகுபுனைவு அவர்கள் மூச்சுக் காற்றிலேயே கலந்திருந்தது. அதை நாவலாக்க வருபவன் செய்யவேண்டிய முதல் வேலை, அந்த அச்சத்தை மீட்பது. நம்பிக்கையை நம்பிக்கையாக எழுதத் தெரியாதவன், அதைக் கட்சிக் கொள்கையாக எழுதிவிடுகிறான்.

பிராட்லி செய்தது அதுதான். ஆர்தர் மன்னனின் பழங்கதையை மோர்கெய்ன் முதலிய பெண்களின் பார்வையில் திருப்பிச் சொன்னார். அந்தத் துணிச்சலை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. துறவிகளின் தீவும் தேவியின் அவலானும் ஒரே இடத்தில் இருக்கின்றன, மூடுபனிதான் இரண்டையும் பிரிக்கிறது என்ற கற்பனையும் அழகானது. நாவலின் முற்பகுதியில் ஓரிடத்தில் எமக்கே மயிர்க்கூச்செறிந்தது. இளம் ஆர்தர் கொம்புத் தெய்வமாக மானோடு மோதி வென்று, இருண்ட குகையில் கன்னிப் பூசாரினியோடு கூடுகிறான். விடிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் காண்கிறார்கள்: அக்காளும் தம்பியும். தேவி ஏதும் விளக்கவில்லை, வருந்தவுமில்லை. அங்கே தெய்வம் இருந்தது.

அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான பக்கங்கள். பெரும்பாலும் வாதப் பிரதிவாதம். எல்லாத் தெய்வங்களும் ஒரே தெய்வம், எல்லாத் தேவியரும் ஒரே தேவி என்று மெர்லின் ஓயாமல் சொல்கிறார். பாதிரியார்கள் பெண்ணைப் பழிக்கிறார்கள். அரசி குவினிவேர் அழுது அடம்பிடித்து, நாகக்கொடிக்குப் பதிலாகச் சிலுவைக்கொடியைப் போருக்கு எடுத்துச் செல்ல வைக்கிறாள். ஒரு பக்கம் பரந்த மனம், மறுபக்கம் குறுகிய மனம். வாசகன் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதில் ஒரு கணமும் ஐயமில்லை. எல்லாத் தெய்வங்களும் ஒன்றென்றால் ஒருவன் தன் தெய்வத்தைக் கைவிடும்போது இழப்பது என்ன? எதுவுமில்லை. எதையும் இழக்காதவர்களைப் பற்றி எண்ணூறு பக்கங்களுக்கு மேல் எதற்கு?

அந்தத் தேவி எங்கிருந்து வந்தாள் என்பதையும் கேட்கவேண்டியிருக்கிறது. துரூயிதுகள் எழுத்தில் எதையும் விட்டுச்செல்லவில்லை. சீசர், பிளினி, தாசிதஸ் முதலிய அயலார் எழுதிய சில பக்கங்களே மிச்சம். அவற்றிலும் பாதி பகைவனின் வாக்குமூலம். இந்த வெற்றிடத்தில்தான் 1921-இல் மார்கரெட் மர்ரே, ஐரோப்பா முழுதும் ஒரு பழைய சமயம் மறைவாகத் தொடர்ந்தது என்று எழுதினார். 1948-இல் ராபர்ட் கிரேவ்ஸ் வெண்தேவியைப் படைத்தார். 1954-இல் ஜெரால்டு கார்ட்னர் அச்சமயம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று அறிவித்தார். ரொனால்டு ஹட்டன் 1999-இல் எழுதிய 'தி டிரையம்ஃப் ஆஃப் தி மூன்' இவற்றின் பிறப்பை ஒவ்வொன்றாகத் தேடிச்சென்று, இச்சமயம் இருபதாம் நூற்றாண்டில் வடிவம் பெற்றது என்று காட்டியது. அவர் இச்சமயத்தின் பகைவரும் அல்லர், அனுதாபத்தோடுதான் எழுதினார். ஆக, அவலானின் தேவி தோற்ற தெய்வம் அல்லள். அவள் தோற்கவே இல்லை, ஏனெனில் அன்று அவள் பிறந்திருக்கவில்லை. உண்மையிலேயே தோற்ற தெய்வங்கள் வேறு. அவர்களுடைய பெயர்கள் பிரிட்டனின் கல்வெட்டுகளிலும் ஈயத் தகடுகளிலும் கிடக்கின்றன. பாத் நகரின் வெந்நீர் ஊற்றில் சூலிஸ் மினர்வா தேவிக்கு எழுதிப்போட்ட சாபத் தகடுகள் கிடைத்துள்ளன, நூற்றுக்கும் மேல். என் மேலங்கியைத் திருடியவனைப் பிடி, அவன் ஆணாயினும் பெண்ணாயினும் அடிமையாயினும் விடாதே என்று மன்றாடும் தகடுகள். அவற்றில் ஒன்று, திருடியவன் கிறித்துவனாயினும் சரி, அல்லாதவனாயினும் சரி என்கிறது! மேலங்கி திருடுபோனதற்குத் தண்டிக்கும் தேவி. இவளை எந்த விடுதலை இலக்கியமும் சீந்தவில்லை.

('பேகன்' என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு சொல். இலத்தீனில் 'பாகானுஸ்' என்றால் நாட்டுப்புறத்தான். கிறித்துவர்கள் சூட்டிய இழிபெயர் அது. தம்மை அவ்வாறு அழைத்துக்கொண்ட சமயத்தார் எவரும் அன்று இல்லை. தமிழில் சிலர் 'பாகன்' என்று எழுதுகிறார்கள். வாசிப்பவருக்கு யானைதான் நினைவுக்கு வருகிறது. நாங்கள் இயன்றவரை பழந்தெய்வங்கள் என்றே எழுதுகிறோம்.)

டான் பிரவுனின் 2003 ஆண்டு நாவலைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. மித்ரஸ் டிசம்பர் 25-இல் பிறந்தார், கல்லறையில் அடக்கமாகி மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று அதில் ஒரு பாத்திரம் அடித்துச் சொல்கிறது. மித்ரஸ் இறந்ததாகச் சொல்லும் பண்டைய சான்று ஒன்றுகூட இல்லை. அவர் பாறையிலிருந்து முழு உருவோடு வெளிப்பட்டவர், காளையைக் கொன்றவர். பாறையைப் பிளந்து எழும் ஒரு தெய்வத்தை, பக்கத்துவீட்டுத் தெய்வத்தின் முன்நகலாகச் சுருக்கிவிட்டு அதற்குப் பரிவு என்று பெயர் சூட்டுகிறார்கள்.

நண்பர்கள் இடைமறிப்பார்கள். நாவல் வரலாறு அன்று, மிகுபுனைவுக்குச் சுதந்திரம் உண்டு, கல்வெட்டைக் காட்டி மிரட்டாதீர்கள் என்பார்கள். சுதந்திரம் உண்டு, முழுமையாக உண்டு. நாங்கள் கொண்டாடும் நாவலே காலவழு நிறைந்ததுதான்.

பேர் லாகர்குவிஸ்ட் தமிழ் வாசகர்களுக்கு அயலானவர் அல்லர். 'பரபாஸ்' நாவலை க.நா.சு. 'அன்பு வழி' என்று மொழிபெயர்த்தார். அதைப் படித்துப் பித்தானவர்கள் எம்மில் பலர். லாகர்குவிஸ்ட் 1951-இல் நோபல் பெற்றபின் 1956-இல் எழுதிய 'சிபில்' குறுநாவலை அவர்களிலும் பலர் படிக்கவில்லை என்பது எம் வருத்தம். சிலுவை சுமந்து சென்றவனைத் தன் வீட்டுச் சுவரில் சாய்ந்து இளைப்பாற விடாத ஒருவன், ஓய்வின்றி அலையும் சாபம் பெறுகிறான். அகாஸ்வேரஸ் என்னும் அந்த நாடோடியின் கதை இடைக்காலத்தில் உருவானது. ஆதிக் கிறித்துவத்துக்கு அவனைத் தெரியாது. லாகர்குவிஸ்ட் கவலைப்படவில்லை. அவனை டெல்ஃபிக்கு மேலே மலைச்சரிவில் ஒரு குடிசைக்கு நடத்திச் செல்கிறார். அங்கே ஒரு கிழவி. ஒருகாலத்தில் அப்போலோவின் அருள்வாக்குப் பெண்ணாக இருந்து துரத்தப்பட்டவள். அவளருகே நரைத்த தலையோடு, காரணமின்றிப் புன்னகைத்தபடி, பேச்சற்ற மகன்.

அவள் தன் கதையைச் சொல்கிறாள். குழிக்குள் இறங்கிய நாட்கள், ஆட்டு வாடை, மூச்சை அடைக்கும் புகை, உடலுக்குள் தெய்வம் புகுந்த பேரின்பம், அதற்கு ஈடான பேரச்சம். ஒற்றைக் கையன் ஒருவனைக் காதலிக்கிறாள். தெய்வம் பொறுக்கவில்லை. அவன் ஆற்றில் பிணமாகக் கிடக்கிறான். குழிக்குள் தெய்வம் ஆட்டின் உருவில் அவளை வன்புணர்கிறது. ஊர் கல்லெறிந்து விரட்ட, மலைமேல் புயலில் ஆடுகளுக்கிடையே பிள்ளை பெறுகிறாள். அந்தப் பிள்ளை தெய்வத்தின் மகனா, மனிதனின் மகனா? அவளுக்குத் தெரியாது. அவள் சொல்லிக்கொண்டிருக்கையில் மகன் எழுந்து வெளியே போய்விடுகிறான். தேடிச் சென்றால், பனியில் அவன் காலடித் தடங்கள் மேலே ஏற ஏற மெலிந்து, ஓரிடத்தில் இல்லாமலாகின்றன.

தெய்வத்தின் மகன் என்ற சொல்லை இந்நாவல் என்ன செய்கிறது என்று பாருங்கள். எருசலேமில் ஒரு தெய்வமகன் தலைசாய்க்க இடம் கேட்டு, மறுத்தவனை முடிவில்லாமல் அலையச் செய்துவிட்டுப் போனான். டெல்ஃபியில் ஒரு தெய்வமகன் ஏதும் பேசாமல் புன்னகைத்துவிட்டுப் போகிறான். யாருடைய தெய்வம் மேல்? கேள்வியே எழவில்லை. இரண்டு தெய்வங்களாலும் சிதைக்கப்பட்ட இருவர் ஒரு குடிசையில் அமர்ந்து தத்தம் காயத்தை அவிழ்த்துக் காட்டுகிறார்கள். அந்தக் கிழவி தன் தெய்வத்தை வெறுக்கிறாள். ஆயினும் அவனோடு இருந்த நாட்களை யாருக்காவது விட்டுக்கொடுப்பாளா என்றால் மாட்டாள். அப்போலோவுக்கு இங்கே பல் இருக்கிறது. கிறிஸ்துவுக்கும் இருக்கிறது. காலவழு இருந்தும் அக்காலத்தின் அச்சம் முழுதாக இருக்கிறது. சுதந்திரத்தை இப்படிப் பயன்படுத்துவோருக்கு எந்தக் கல்வெட்டையும் நாங்கள் நீட்டமாட்டோம்.

இரண்டாவது இடைமறிப்பு இன்னும் கூர்மையானது. வன்முறை நடந்ததா இல்லையா? நடந்தது. தியோடோசியஸின் ஆட்சியில் அலெக்சாந்திரியாவின் செராப்பிஸ் பெருங்கோயில் இடிக்கப்பட்டது. 391, 392 ஆம் ஆண்டுகளின் ஆணைகள் பலியையும் வழிபாட்டையும் தடைசெய்தன. 415-இல் ஹைப்பேஷியாவை ஒரு கும்பல் கொடூரமாகக் கொன்றது. இவற்றைப் பூசி மெழுக எமக்கு விருப்பமில்லை. ஆனால் ஹைப்பேஷியாவின் மாணவர்களில் ஒருவரான சினேசியஸ் கிறித்துவ ஆயரானவர். ஆன்மா உடலுக்கு முன்பே இருந்தது என்ற தம் மெய்யியல் கொள்கையைக் கைவிடமாட்டேன் என்று வெளிப்படையாக எழுதிவிட்டுத்தான் அப்பதவியை ஏற்றார். பிள்ளைகளை இழந்து நொறுங்கிய நாட்களில் அவர் தம் ஆசிரியைக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. ஹைப்பேஷியா கொல்லப்படுமுன்பே அவர் இறந்திருக்கவேண்டும் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. 2009-இல் வந்த 'அகோரா' திரைப்படம், அவரை உயிரோடு கொண்டுவந்து, ஞானஸ்நானம் பெற்றுக்கொள் என்று ஆசிரியையை நெருக்கும் ஆளாக மாற்றியது. கையில் இருந்த துயரத்தை எறிந்துவிட்டு, சந்தையில் கிடைக்கும் வில்லனை வாங்கி வந்தார்கள்.

பழந்தெய்வங்கள் வாளால் மட்டுமே வீழ்ந்தன என்று நம்புவோர், பேரரசர் ஜூலியன் தம் வாயாலேயே சொன்னதைப் படிக்கவேண்டும். 361 முதல் 363 வரை ஆண்ட அவர் கிறித்துவத்தை உதறிப் பழைய வழிபாட்டை மீட்க முனைந்தவர். அந்தியோக்கியா அருகே டாஃப்னேயில் அப்போலோவின் ஆண்டுத் திருவிழாவுக்கு ஓடோடி வருகிறார். பலி விலங்குகள், நறும்புகை, வெண்ணாடை இளைஞர்கள் எல்லாம் மனக்கண்ணில். கோயிலில் ஒன்றுமில்லை. நகரம் என்ன பலி தரப்போகிறது என்று பூசாரியைக் கேட்கிறார். நான் வீட்டிலிருந்து ஒரு வாத்தைக் கொண்டுவந்திருக்கிறேன், நகரத்தார் எதுவும் தரவில்லை என்கிறார் பூசாரி. அந்த ஒற்றை வாத்து! ஆயிரம் பக்கப் புலம்பலில் இல்லாத துயரம் அதில் இருக்கிறது. ஜூலியனின் படையில் பணியாற்றிய வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செலினஸ் கிறித்துவர் அல்லர், ஜூலியனைப் போற்றியவர். அவரே ஜூலியனின் அளவுகடந்த பலிகளைக் கேலி செய்கிறார். கிறித்துவ ஆசிரியர்களைக் கற்பிக்கவிடாமல் தடுத்த ஆணையைக் கடுமையென்று கண்டிக்கிறார். கோர் விடால் 1964-இல் எழுதிய 'ஜூலியன்' நாவல் இந்தச் சிக்கலை ஓரளவு பிடித்தது. அதன் நாயகன் நமக்குப் பிடித்தவனாகவும், சில பக்கங்களில் சகிக்கமுடியாதவனாகவும் இருக்கிறான். விடாலின் சாய்வு எந்தப் பக்கம் என்பது ஊரறிந்தது. அச்சாய்வையும் மீறி நாவல் நின்றது.

வாழ்ந்த மனிதர்கள் இக்கலப்பை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்குச் சான்றுகள் ஏராளம். எகிப்தின் பனோபொலிஸ் நகரத்துக் கவிஞர் நோனஸ் ஐந்தாம் நூற்றாண்டில் டயோனிசஸின் கதையை 48 காண்டங்களில் பாடினார். அத்தெய்வம் இந்தியாவுக்கே படையெடுத்து வந்து போரிடுவதை விரித்துப் பாடிய காவியம் அது. அவர் பெயரிலேயே யோவான் நற்செய்தியும் அதே யாப்பில் பாடப்பட்டுக் கிடைக்கிறது. மதம் மாறியதற்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று என்று பிரித்துத் தள்ளப் பழைய அறிஞர்கள் அரும்பாடுபட்டார்கள். ஒரே மனிதர் ஒரே வாழ்நாளில் இரண்டையும் மனமொப்பிப் பாடியிருக்கலாம் என்பதை ஏற்க ஏனோ கூச்சம். இங்கிலாந்தில் டார்செட் பகுதியின் ஹின்டன் செயின்ட் மேரி கிராமத்தில் 1963-இல் கண்டெடுத்த நான்காம் நூற்றாண்டுத் தளச்சித்திரத்தில், பெரும்பாலோர் கிறிஸ்து எனக் கொள்ளும் முகம் நடுவில் இருக்கிறது. அதே தளத்தின் அடுத்த பகுதியில் பெல்லரஃபோன் குதிரைமேல் அமர்ந்து கைமீராவைக் குத்துகிறான். பிராட்லி தம் மூடுபனியைப் பரப்பிய அதே நாடு. அவர் கதை நிகழும் காலத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பு. அந்த வீட்டுக்காரன் இரண்டு அறைகளிலும் நடந்திருப்பான்.

எந்த நாவலைத்தான் எழுதச் சொல்கிறீர்கள் என்று நண்பர்கள் சலித்துக்கொள்ளலாம். பீட் என்னும் துறவி 731-இல் முடித்த ஆங்கிலத் திருச்சபை வரலாற்றில் ஒரு கதை இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டும். கிழக்கு ஆங்கிலியாவின் மன்னன் ரெட்வால்ட் கென்ட் நாட்டில் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்புகிறான். மனைவியும் சில ஆசான்களும் அவன் மனத்தை மாற்றுகிறார்கள். அவன் எதையும் விடவில்லை. ஒரே கோயிலுக்குள் கிறிஸ்துவுக்கு ஒரு பலிபீடம், பக்கத்திலேயே பழந்தெய்வங்களுக்குப் பலியிட ஒரு சிறு பீடம். பீட் இதை வெறுப்போடுதான் எழுதுகிறார். ஆனால் சில பக்கங்களுக்கு முன்புதான், அடைக்கலம் தேடிவந்த எட்வினைப் பகை மன்னனுக்கு விலைபேசி விற்க ரெட்வால்ட் இசைந்தபோது, பொன்னுக்காக நண்பனை விற்பது அரசனுக்கு அழகன்று என்று தடுத்தவள் அவன் மனைவி என்றும் அவரே எழுதியிருக்கிறார். அப்படிப் பிழைத்த எட்வின்தான் பின்னாளில் 627-இல் ஞானஸ்நானம் பெற்று, பீட் கொண்டாடும் கிறித்துவ மன்னனானான். அவனைக் காத்த அரசியின் பெயரைப் பீட் குறிக்கவில்லை. அவள் அந்தச் சிறு பீடத்தின் முன் நின்றபோது யாரை வேண்டினாள், பெரிய பீடத்தைப் பார்க்கையில் அவள் முகம் எப்படி இருந்தது, இரண்டுக்கும் நடுவே நின்ற கணவனை அவள் என்னவென்று நினைத்தாள்?

கோயில் நெடுநாள் நின்றது. பிற்காலத்தில் அந்நாட்டை ஆண்ட ஆல்ட்வுல்ஃப், தான் சிறுவனாயிருந்தபோது அதைக் கண்ணால் கண்டதாகச் சொல்வாராம்.